அத்திலாந்திக்கைக் கடக்கும் வானவழி

சுவரில் தொங்கும் உலகப் படமொன்றிலே இலண்டன் மாநகரையும் நியூயோர்க் மாநகரையும் அடிமட்டம் வைத்து இணைத்துப் பார்க்கும் மாணவன், அவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வழியைக் கண்டுவிட்டதாகவே எண்ணுவான். இலண்டன் 51½ பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. நியூயோர்க்கோ 41 பாகைக்கு அண்மையில், ஸ்பெயின் நாட்டு மட்ரிட்டுக்கும் இத்தாலி நாட்டு நேப்பிள்சுக்கும் ஏறக்குறைய நேராக அமைந்தது. ஆகவே, இலண்டனை விட்டெழும் விமானம் மேற்குத் திசையிலிருந்து சிறிது தெற்கே சாய்ந்து செல்லவேண்டும் என்பது அடிமட்டம் கூறும் விடை. உண்மையில் அவ்விமானத்துக்குரிய குறுகிய வழி, மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே சாய்ந்து தொடங்குகின்றது. தென்பாலுள்ள ஊருக்குச் செல்வோர் வடபால் நோக்கிப் புறப்படுதல் வியப்பாகத் தோன்றலாம். அது தட்டையான படத்தின் குற்றமேயன்றி வழியின் குற்றமன்று. பூகோளவுருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் அயர்லாந்தின் மேலாக எழுந்து, நடுச் சமுத்திரத்திலே 53½ பாகையைச் சற்றே கடந்து, பின்னர் வளைந்து நியூபவுண்ட்லாந்தின் மேலாகத் தென்மேற்கே இறங்கக் காணலாம். பெருவட்டம் எனப்படும் இவ்வழி ஏறக்குறைய 5,540 கிலோமீற்றர் நீளமானது. திசைகாட்டியை ஒரே பாகையிற் பிடித்து, அடிமட்டத்தின் கோட்டிலேயே செல்லும் வழி இதனினும் 200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது.

1927 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்த சார்ல்ஸ் லிண்ட்பேர்க், தம் பயணத்தைத் திட்டமிட்டபோது, சான் டியாகோ நகரத்து நூல்நிலையத்திலிருந்த பூகோளவுருண்டையின்மீது நூலை வைத்தே தூரத்தை அளந்தார். பின்னர் அவ்வளைகோட்டை ஏறக்குறைய 100 மைல் கொண்ட சிறு நேர்கோடுகளாகப் பகுத்து, மணிக்கொரு தடவை திசையை மாற்றிச் செல்லக் குறித்துக்கொண்டார். நிறையைக் குறைக்கும் பொருட்டு வானொலிக் கருவியையும் பரசூட்டையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு ஈடாக எரிபொருளை ஏற்றிச் சென்றவர் அவர். 33½ மணித்தியாலம் பறந்து அவர் பாரிசை அடைந்தது துணிவின் வெற்றியென்றே பெரிதும் பேசப்படுகின்றது. அதிற் பாதியேனும், புறப்படுவதற்கு முன்னர் மேசையின்மேற் செய்த கணக்கின் வெற்றி என்பதே பொருத்தமாகும்.

வழி குறுகியதாயின் காலமும் குறுகும் என்பது தரைக்குப் பொருந்தும், வானத்துக்குப் பொருந்துவதில்லை. ஆற்றைக் கடக்கும் ஓடத்தை நீரோட்டம் இழுத்துச் செல்வதுபோல, விமானத்தையும் அதனைச் சூழ்ந்த காற்று தன்னோடு கொண்டு செல்லும். வட அத்திலாந்திக்கின் மேல், 30,000 அடி முதல் 40,000 அடி வரையான உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித் தாரைக்காற்று என்னும் விரைந்த காற்றோட்டம் பாய்கின்றது. வடபாலுள்ள குளிர்வளிக்கும் தென்பாலுள்ள வெப்பவளிக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும், பூமியின் சுழற்சியாலும் தோன்றுவது அது. மாரிகாலத்தில் அவ்வேறுபாடு மிகுதலின் காற்றும் வலுக்கும். மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும் நாள்களும் உண்டு. அன்றியும், இது வாய்க்காலைப்போல் ஓரிடத்தில் நிலைத்து ஓடுவதன்று. ஒரு நாள் ஐஸ்லாந்துக்கு அண்மையிலும், பிறிதொரு நாள் அசோர்ஸ் தீவுகளை நோக்கியும் வளைந்து நெளியும்.

இதனால் அத்திலாந்திக்கின் போக்கும் வரவும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவாயின. கிழக்கு நோக்கி அல்கொக், பிறவுண் என்னும் இருவர் 1919 ஆம் ஆண்டிலேயே இடையில் இறங்காது கடந்துவிட்டனர். மேற்கு நோக்கி விமானத்தில் அவ்வாறு கடத்தல் 1928 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வரை ஒருவருக்கும் கைகூடவில்லை. அம்மாதம் அயர்லாந்திலிருந்து நியூயோர்க்கை நாடிப் புறப்பட்ட ‘பிறேமன்’ என்னும் விமானம், 36 மணித்தியாலத்துக்கு மேலாகக் காற்றோடு போராடி, நியூயோர்க்கை அடையாது, லாப்ரடோருக்கு அண்மையிலுள்ள கிறீன்லி என்னும் சிறுதீவில் இறங்கியது. தாரை எஞ்சின் வந்த பின்னரும் இவ்வேறுபாடு ஒழியவில்லை. 1958 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4 ஆம் நாள் இருதிசையிலும் பயணிகளை ஏற்றிப் பறந்த ‘கொமெற்’ விமானங்களுள், கிழக்கே சென்றது 6 மணி 12 நிமிடத்தில் இடைநில்லாது இலண்டனை அடைந்தது. மேற்கே சென்றதோ எரிபொருளுக்காக நியூபவுண்ட்லாந்திலுள்ள காண்டரில் இறங்கவேண்டியதாயிற்று. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ‘சியாரா’ என்னும் புயல் வீசிய வேளையில், நியூயோர்க்கிலிருந்து எழுந்த போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் இலண்டனிற் போய்ச் சேர்ந்தது. தரையோடு ஒப்பிட அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீற்றரைத் தாண்டியபோதும், தன்னைச் சூழ்ந்த காற்றினுள் அது ஒலியை முந்தவில்லை. அதே வழியில் மேற்கே செல்வோருக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் இன்றும் இயல்பாகும்.

ஆதலின், திட்டமிடுவோர் தேடுவது குறுகிய வழியையன்று, குறுகிய காலத்தையே. காற்று இடத்துக்கிடம் மாறும்போது எவ்வழியிற் செல்லின் காலம் மிகக் குறையும் என்னும் கணிதப் பிரச்சினையை, 1931 ஆம் ஆண்டில் ஜேர்மன் கணித அறிஞர் ஏர்ணஸ்ட் செர்மேலோ ஆராய்ந்து விடை கண்டார். அக்காலத்தில் அது அறிஞர் விருப்பத்துக்குரிய ஒரு புதிராகவே இருந்தது. இப்போது கணினி, இலண்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களையுடைய இரு உலக வானிலை மையங்கள் வெளியிடும் காற்று முன்னறிவித்தலை ஏற்று, எண்ணிறந்த வழிகளை ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் விடை தருகின்றது. காற்று வலுத்த நாள்களில் இலண்டனிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் பெருவட்டத்தை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே ஏறி, கிறீன்லாந்தின் தென்முனையை அணுகிச் செல்வதும் உண்டு. தூரம் கூடுகின்றது, எரிபொருளோ குறைகின்றது.

ஆயினும், ஒவ்வொரு விமானமும் தனக்கேற்ற வழியைத் தானே தெரிந்துகொள்ளுதல் இயலாது. ஐரோப்பாவிலிருந்து மேற்கே செல்வன பெரும்பாலும் பகலிலும், அமெரிக்காவிலிருந்து கிழக்கே செல்வன பெரும்பாலும் இரவிலும், கடலின் பெருக்கும் வற்றும் போல ஒரே வேளையிற் கூட்டமாகக் கடக்கின்றன. எனவே, மேற்கு நோக்கிய வழிகளை அயர்லாந்து, ஸ்கொத்லாந்துப் பக்கத்திலுள்ள ஷான்விக் நிலையமும், கிழக்கு நோக்கியவற்றைக் கனடாவிலுள்ள காண்டர் நிலையமும், அன்றைய காற்றுக்கேற்ப நாள்தோறும் புதிதாக வகுத்து அறிவிக்கின்றன. ஒவ்வொரு வழியும் பத்துப் பாகை நெடுங்கோட்டுக்கு ஒன்றாகக் குறித்த புள்ளிகளை இணைப்பது. ஆங்கில எழுத்தொன்றைப் பெயராக உடையது. நிலத்திலுள்ள ராடார் நடுச் சமுத்திரத்தை எட்டுவதில்லை. ஆகவே, நெடுங்காலம் விமானிகள் ஒவ்வொரு பத்துப் பாகையிலும் தாம் நிற்குமிடத்தை வானொலியால் அறிவிக்க, தரையிலுள்ளோர் அதனை நம்பியே விமானங்களை விலக்கி நடத்தினர். 2019 ஆம் ஆண்டு முதல் செயற்கைத் துணைக்கோள்கள் அவ்விமானங்களைக் கண்டு கூறுகின்றன.

வழி குறித்தாயிற்று, இனி எரிபொருள். திட்டத்தின் உயிர்நிலை இங்கேயே உள்ளது. ‘கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு’ என்பது பழமொழி. கட்டுச்சோறு சுமப்போனுக்கு இல்லாத ஒரு துன்பம் விமானத்துக்கு உண்டு. தன் முதுகிலேற்றிய வைக்கோலைத் தானே தின்றுகொண்டு நடக்கும் பொதிமாடு, சுமை மிகுந்தால் மிகுதியாகத் தின்னவேண்டும். மிகுதியாகத் தின்னவேண்டுமாயின் மேலும் சுமக்கவேண்டும். நெடுந்தூர விமானத்தில், வேண்டியதற்கு மேலாக ஏற்றும் எரிபொருளிலே மணித்தியாலத்துக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு, அதனைச் சுமப்பதற்கென்றே எரிந்துபோகும். ஏழு மணித்தியாலப் பயணத்துக்கு 5 தொன் கூடுதலாக ஏற்றினால், ஒரு தொன்னுக்கு மேல் ஒருவருக்கும் பயன்படாது அழியும் என்பது கருத்து. அன்றியும், தொடக்கத்திற் பாரம் மிகுந்த விமானம் உயர்ந்த வானத்துக்கு ஏறமாட்டாது. எரிபொருள் குறையக் குறையவே படிப்படியாக மேலேறும்.

இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய விமானமொன்று மணிக்கு 6 தொன் எரிபொருள் கொள்கின்றது எனவும், பயணம் ஏழு மணித்தியாலம் எனவும் கொண்டால், வழிச்செலவு 42 தொன். முன்னறிவித்தல் பிழைத்தற்கென அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 2 தொன்னுக்குச் சற்று மேல், சேர்க்கப்படும். நியூயோர்க்கில் மூடுபனியோ பனிப்புயலோ இருந்து இறங்க முடியாவிடின், பொஸ்ரன் போன்ற மாற்று நிலையமொன்றுக்குச் செல்லச் சில தொன்; அங்கும் காத்திருக்க நேரின் அரை மணித்தியாலம் வட்டமிட 2½ தொன் அளவில். இந்த இறுதிச் சேமிப்பைத் தொடும் நிலை வருமாயின், விமானி அதனை ஆபத்தென்றே அறிவித்தல் வேண்டும். ஆக, 42 தொன் பயணத்துக்கு 50 தொன்னுக்கு மேல் ஏற்றப்படுகின்றது. எரிபொருளின் கொள்ளளவு வெப்பநிலையோடு மாறுதலின், கணக்கெல்லாம் நிறையிலேயே நடைபெறும். அந்நிறையின் அலகு மாறிப்போனால் விளைவது யாதென்பதை 1983 ஆம் ஆண்டு யூலை மாதம் கனடா கண்டது. கிலோகிராம் என எண்ணியது இறாத்தலாய்ப் போகவே, வேண்டியதிற் பாதிக்கும் குறைந்த எரிபொருளோடு புறப்பட்ட போயிங் 767 ஒன்று, நடுவானில் இரு எஞ்சினும் நின்று, கிம்லி என்னும் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் மிதந்து இறங்கிற்று. உயிர்ச்சேதம் இல்லாமற் போனது விமானியின் திறத்தாலாகும்.

இதுவரை கூறியன, குறித்தபடி நடைபெறும் பயணத்துக்கு உரியன. திட்டத்தின் கடினமான பகுதி, நடைபெறக்கூடாத பயணத்துக்கு உரியது. நடுச் சமுத்திரத்தில் ஓர் எஞ்சின் நின்றால் எங்கே செல்வது என்னும் வினாவுக்கு, விமானம் நிலத்தை விட்டெழும் முன்னரே விடை இருத்தல் வேண்டும்.

அவ்விடை இல்லாது போனமையை 1947 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத நிகழ்ச்சியொன்று காட்டும். அயர்லாந்தின் பொயின்சிலிருந்து காண்டரை நோக்கி, ‘பெர்முடா ஸ்கை குவீன்’ என்னும் பறக்கும் படகு 69 பேருடன் புறப்பட்டது. எதிர்காற்று எதிர்பார்த்ததிலும் வலுத்தது. நடுவழியிற் கணக்குப் பார்த்தபோது, காண்டரை அடைதற்கும் எரிபொருள் போதாது, திரும்புதற்கும் போதாது. அக்காலத்தில் வானிலையை அறிதற்கென நடுக்கடலிலே கப்பல்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றாகிய ‘பிப்’ என்னும் அமெரிக்கக் கரைகாவற் கப்பலைத் தேடிச் சென்று, மலைபோல் எழுந்த அலைகளின் நடுவே அப்படகு இறங்கியது. 69 பேரும் காப்பாற்றப்பட்டனர். மாலுமிகளின் வீரத்துக்கு எடுத்துக்காட்டாக இது கூறப்படுவது முறையே. ஆயினும், திட்டமிடுவோன் இதிற் காணவேண்டியது வேறு: காற்றைப் பற்றிய ஒரு தவறான எண், கரையிலிருந்து புறப்படும்போதே அவர்களோடு ஏறிவிட்டது.

முன்னே செல்வதற்கும் பின்னே திரும்புவதற்கும் ஒரே அளவு காலம் வேண்டிய இடம் சமநேரப் புள்ளி எனப்படும். அது வழியின் நடுப்புள்ளியன்று. அயர்லாந்தின் ஷனன் நிலையமும் காண்டர் நிலையமும் முன்னர்க் கூறிய பெருவட்டத்தின் கீழேயே ஏறக்குறைய அமைந்தவை. இரண்டுக்கும் இடைத்தூரம் 3,180 கிலோமீற்றர் அளவு. ஓர் எஞ்சினோடு செல்லும் விமானத்தின் வேகம் மணிக்கு 720 கிலோமீற்றர் எனவும், மேற்கிலிருந்து வீசும் காற்று 120 கிலோமீற்றர் எனவும் கொள்க. காண்டரை நோக்கி 600, ஷனனை நோக்கி 840 என்பன தரைவேகங்கள். இவற்றின்படி சமநேரப் புள்ளி ஷனனிலிருந்து 1,855 கிலோமீற்றரில் விழும். அதாவது நடுப்புள்ளியிலிருந்து 265 கிலோமீற்றர் மேற்கே. கரையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட பின்னரும், திரும்பிப் போதலே விரைவானது என்னும் பகுதி அங்கே உண்டு. அப்புள்ளியிலிருந்து எப்பக்கம் சென்றாலும் 2 மணி 12 நிமிடம் செல்லும்.

இவ்வளவு நேரம் ஒற்றை எஞ்சினை நம்பலாமோ என்பது நெடுநாள் வழக்கு. 1953 ஆம் ஆண்டில் அமெரிக்க விதி, இரு எஞ்சின் விமானம் எந்நேரமும் ஒரு நிலையத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் இருத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆகவே, அத்திலாந்திக்கின் நேர்வழி நான்கு எஞ்சின், மூன்று எஞ்சின் விமானங்களுக்கே உரியதாயிற்று. தாரை எஞ்சின்கள் நிற்பது அரிதினும் அரிது என்பது தெளிவானபின், 1985 இல் 120 நிமிடமும் பின்னர் 180 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. காற்றைக் கருதாது, ஓர் எஞ்சின் வேகத்தில் அளக்கப்படுவது இவ்வெல்லை. மேற்கூறிய விமானத்துக்கு 120 நிமிடம் 1,440 கிலோமீற்றராகும். ஷனனும் காண்டரும் மட்டுமே எனின், நடுவே ஓரிடைவெளி எஞ்சும். அவ்விடைவெளியை அடைப்பது ஐஸ்லாந்தின் கெப்லாவிக் நிலையம். நடுப்புள்ளியிலிருந்து அது 1,340 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. கெப்லாவிக்கில் அன்று புயலாயின், திட்டம் முழுவதும் மாறவேண்டியதுதான்.

எஞ்சின் நிற்பதினும் எரிபொருளுக்குப் பெருஞ்சோதனையாவது, விமானத்தினுள் உள்ள காற்றமுக்கம் அற்றுப்போதல். மேலே மூச்சுவிட இயலாதாகையால் 10,000 அடிக்கு இறங்கவேண்டும். அங்கே அடர்ந்த காற்றினூடே செல்லும் தாரை எஞ்சின் அதே தூரத்துக்கு மிகுந்த எரிபொருள் கொள்ளும். சமநேரப் புள்ளியிலேயே இவ்விபத்து நேர்ந்ததெனவும், இறக்கைகளிற் பனி படிகின்றதெனவும் வைத்துக்கொண்டு, அந்நிலையில் மாற்று நிலையத்தை அடைய எரிபொருள் போதுமோ எனக் கணிப்பர். போதாதாயின் மேலும் ஏற்றுவர். ஏற்றியதைப் பயன்படுத்த நேரும் விமானம் மிக அரிது. பயன்படாது போவதே அதன் நோக்கம் நிறைவேறியதற்கு அடையாளம்.

கணக்கில் அடங்காதனவும் உண்டு. 2001 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24 ஆம் நாள் ரொறன்ரோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் சென்ற எயர்பஸ் விமானமொன்று, விதி கோரியதற்கு மேல் நாலரைத் தொன் எரிபொருள் ஏற்றியிருந்தது. வலப்புற எஞ்சினிலே குழாயொன்று உராய்ந்து விரிசலடைந்து எரிபொருளை ஒழுக்கிற்று. தொட்டிகளின் அளவை ஒப்பாக்க விமானிகள் திறந்துவிட்ட வழியாக இடப்புறத்து எரிபொருளும் அவ்வோட்டையை அடைந்தது. இரு எஞ்சினும் நின்ற விமானம் 19 நிமிடம் மிதந்து, அசோர்ஸ் தீவுகளிலுள்ள லாஜெஸ் தளத்தில் இறங்கியது. எல்லோரும் உயிர் பிழைத்தனர். வழியில் நெரிசல் மிகுந்தமையால் அன்று அவ்விமானம் வழக்கத்தினும் தெற்கேயுள்ள வழியிற் செலுத்தப்பட்டிருந்தது. அசோர்ஸ் தீவு எட்டும் தூரத்தில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனை அதிர்ஷ்டம் எனலாம். நடுக்கடலில் அவ்விடத்தே நீண்ட ஓடுபாதை பராமரிக்கப்பட்டு வந்தது அதிர்ஷ்டமன்று.

அதற்கு மூன்று கிழமைகளுக்குள், செப்டெம்பர் 11 ஆம் நாள், அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, சமநேரப் புள்ளியைக் கடந்துவிட்ட விமானங்கள் திரும்ப இயலாது காண்டருக்கு வந்தன. பத்தாயிரம் மக்கள் அளவே வாழும் அவ்வூரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. ஏறக்குறைய 6,600 பேருக்கு ஊரார் உணவும் உறைவிடமும் அளித்தனர். தாரை விமானங்கள் நேரே கடக்கத் தொடங்கியபின் காண்டரில் இறங்குவோர் குறைந்துவிட்டனர். எனினும், அதன் மேலாகச் செல்லும் விமானங்களின் திட்டத்தாள்களில், எவரும் இறங்க விரும்பாத ஊராக, நாள்தோறும் அதன் பெயர் எழுதப்பட்டே வந்துள்ளது.

இவ்வாறு ஆக்கிய திட்டத்தை அலுவலகத்திற் கணிப்போர் விமானத் தலைவனிடம் ஒப்படைப்பர். அமெரிக்க விதியின்படி இருவருமே அதற்குப் பொறுப்பாளர். வேண்டுமெனக் கருதின், தலைவன் மேலும் எரிபொருள் ஏற்றக் கேட்கலாம். செலவைக் குறைக்க விரும்பும் கம்பனிகளுக்கு இது உவப்பாயிராது. ஆயினும், கடலின் மேல் இருக்கப்போகின்றவன் அவனே. பறக்கும்போது ஒவ்வொரு பத்துப் பாகையிலும், திட்டம் கூறிய நேரத்தையும் எஞ்சிய எரிபொருளையும் உண்மையோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டே செல்வர். நியூயோர்க்கில் எஞ்சின்கள் நின்றபின் தொட்டியில் மீந்திருக்கும் எரிபொருளின் நிறை இறுதியாகக் குறிக்கப்படும். ஒரே வகையைச் சேர்ந்தனவேனும், நாட்பட்ட விமானம் புதியதினும் சிறிது மிகுதியாகக் கொள்ளும். இவ்வெண்களைக்கொண்டே அந்தத் தனி விமானத்துக்குரிய திருத்தத்தைக் கணித்து, மறுநாள் அதற்கு எழுதும் திட்டத்திற் சேர்ப்பர்.